ஸ்டாம்ஃபர்ட் கோபுரத்தின் வரலாறு 1986இல் தொடங்கவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிங்கப்பூரின் உயரமான ஹோட்டல்கள் குறித்துத் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளிவந்த கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். ராஃபிள்ஸ் சிட்டி வளாகத்தில் இருக்கும் சுவிஸ்ஸோட்டல் தி ஸ்டாம்ஃபர்ட் பற்றிய பகுதி, 73 மாடி, 226 மீட்டர் என்ற அளவுகளோடு முடிந்துபோனதில் எனக்கு மனக்குறை. இந்த ஹோட்டலைப் பற்றி எழுதுவோர் அனைவரும் உயரத்தையே பிடித்துக்கொள்கிறார்கள். அந்தப் பெருமையோ பத்தாண்டுக்குச் சற்றே கூடுதலாகத்தான் நிலைத்தது. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் ரெனசான்ஸ் சென்டர் வளாகத்தில் இருந்த ஹோட்டலை முந்திக்கொண்டு 1986இல் உலகின் மிக உயரமான ஹோட்டல் என்று பெயரெடுத்த இக்கட்டடத்தை, 1997இல் பேங்காக்கின் பையோக் கோபுரமும் 1999இல் துபாயின் புர்ஜ் அல் அராபும் தாண்டிச் சென்றுவிட்டன.

சொல்லப்பட வேண்டிய வரலாறு இதன் அடிமனையில் இருக்கிறது. நவீன சிங்கப்பூரை நிறுவிய ஸ்டாம்ஃபர்ட் ராஃபிள்ஸ் 1823இல் அடிக்கல் நாட்டிய கல்விக்கூடம், பின்னாளில் ராஃபிள்ஸ் இன்ஸ்டிடியூஷன் என்று பெயர் பெற்று, 1972இல் கிரேஞ்ச் சாலைக்கு இடம்பெயரும் வரை இம்மனையில்தான் இருந்தது. சிங்கப்பூரின் முதல் அதிபர் யூசோஃப் இஷாக்கும் முதல் பிரதமர் லீ குவான் இயூவும் அப்பள்ளியில் படித்தவர்கள். தமிழர்களாகிய நாம் அவசியம் அறிய வேண்டிய செய்தி ஒன்றும் இதில் உண்டு. 1834இல் தொடங்கிய சிங்கப்பூர் இலவசப் பள்ளியில் ஆங்கிலத்தோடு தமிழ் வகுப்பும் நடந்தது. அப்பள்ளிதான் 1837இல் இந்த வளாகத்துக்குக் குடிவந்தது. தமிழ் வகுப்பு நெடுநாள் நீடிக்கவில்லை என்றாலும், இந்நாட்டுத் தமிழ்க் கல்வியின் தொடக்கப் பக்கத்தில் இம்மனைக்கும் ஓர் இடம் உண்டு என்பதை மறந்துவிடலாகாது.

ஹோட்டலின் எதிரே நிற்கும் செயிண்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தையும் இவ்வரலாற்றிலிருந்து பிரிக்க முடியாது. 1850களின் பிற்பாதியில் அதைக் கட்டியவர்கள் இந்தியாவிலிருந்து கப்பலேற்றிக் கொண்டுவரப்பட்ட தண்டனைக் கைதிகள். அவர்களுடைய சிறையும் இதே பிராஸ் பாசா பகுதியில்தான் இருந்தது. கிளிஞ்சல் சுண்ணாம்போடு முட்டையின் வெள்ளைக்கருவையும் சர்க்கரையையும் சேர்த்து அடித்து, தேங்காய் மட்டை ஊறிய நீர் விட்டுக் குழைத்து, பூசிக் காய்ந்தபின் வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றும் சென்னைச் சுண்ணச்சாந்தை அத்தேவாலயச் சுவர்களில் பூசியது அவர்களுடைய கைகள். ஸ்டாம்ஃபர்டின் மேல்மாடியில் நின்று அந்த வெண்ணிறக் கோபுரத்தைக் குனிந்து பார்க்கும் விருந்தினர்களுக்கு இது தெரிய வாய்ப்பில்லை. நம் வீட்டுப் பிள்ளைகளுக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

கட்டடம் எழுந்த காலச் சூழலையும் கட்டுரை தொடவில்லை. கட்டடக் கலைஞர் ஐ. எம். பெய் 1960களின் இறுதியிலேயே இவ்விடத்துக்கான திட்டத்தில் ஈடுபட்டார். ஆனால் பள்ளி வெளியேறிய பின்னும் பல ஆண்டுகள் பணி தள்ளிப்போய், 1980இல்தான் தொடங்கியது. தென்கொரியாவின் சாங்யோங் நிறுவனம் கட்டுமானத்தை மேற்கொண்டது. சுதந்திர சிங்கப்பூர் தன் முதல் பொருளியல் மந்தநிலையை 1985இல் சந்தித்தது. தேவைக்கு மீறி ஹோட்டல் அறைகள் பெருகிவிட்டன என்ற கவலை எங்கும் நிலவிய அந்நேரத்தில், ஆயிரத்து இருநூறுக்கும் மேற்பட்ட அறைகளுடன் வெஸ்டின் ஸ்டாம்ஃபர்ட் என்ற பெயரில் இது திறக்கப்பட்டது. அது எவ்வளவு பெரிய துணிச்சல் என்பதை இன்றைய வாசகர்களுக்கு எடுத்துச் சொல்லியிருக்க வேண்டாமா? இப்போதைய பெயர் 2002இல் வந்தது.

பழைய பள்ளிக் கட்டடத்தை இடித்தது சரியா என்ற கேள்விக்கு என் பதில், இடித்திருக்கக் கூடாது என்பதே. சாலைக்கு அப்பால், 1887இல் திறக்கப்பட்ட ராஃபிள்ஸ் ஹோட்டல், சரியாக நூறாண்டு கழித்து 1987இல் தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. பழமையைக் காக்க வேண்டும் என்ற எண்ணம் சில ஆண்டுகள் முன்பே வலுப்பெற்றிருந்தால், பள்ளியின் ஒரு பகுதியாவது தப்பியிருக்கும் என்று நம்புகிறேன். இதைச் சொல்வதால் பெய்யின் கோபுரத்தைக் குறைத்து மதிப்பிடுவதாகக் கொள்ள வேண்டாம்; நகரின் எத்தனையோ பக்கங்களிலிருந்து அடையாளம் காணக்கூடிய, எளிமையும் கம்பீரமும் உள்ள கட்டடம் அது.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். இத்தகைய ஹோட்டல்களில் துணி வெளுப்பிலும் சமையற்கூடத்திலும் வரவேற்பிலும் காவலிலும் பணியாற்றிய நம்மவர்கள் பலர். 1986இல் இளைஞர்களாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் இப்போது ஓய்வு பெறும் வயதைக் கடந்திருப்பார்கள். அவர்களுடைய நினைவுகளையும் அக்காலப் புகைப்படங்களையும் அனுப்பிவைக்குமாறு தங்கள் நாளிதழில் ஓர் அறிவிப்பு வெளியிட்டு, வருபவற்றைத் தொடராகப் பிரசுரிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
சிங்கப்பூர்