அப்பத்தாவின் கங்கைச் செம்பு

அன்பு மகளுக்கு,

ஞாயிற்றுக்கிழமை போனில் உன்னிடம் குரலை உயர்த்திவிட்டேன். உன் அம்மா இரண்டு நாளாக என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. "ஒரு கார் வைத்துக்கொண்டு நீங்களே போய்க் கொடுத்துவிட்டு வாருங்கள் அப்பா, பணம் அனுப்புகிறேன்" என்று நீ சொன்னதில் தவறு ஒன்றும் இல்லை. என் முழங்காலை நினைத்துத்தான் சொன்னாய். ஆனாலும் அப்பத்தா காசியிலிருந்து கங்கை நீர் கொண்டுவந்த அந்தச் செம்பை நான் தனியாக ராமேசுவரத்துக்கு எடுத்துப் போகமாட்டேன். ஏன் என்று போனில் சொல்லத் தெரியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

அப்பத்தாவுக்குக் கல்யாணமாகி இரண்டு வருடம் பிள்ளை இல்லை. 1963-ல் தாத்தா அவரைச் சேது ஸ்நானத்துக்குத் தனுஷ்கோடி அழைத்துப் போனார். சென்னையிலிருந்து வரும் போட் மெயில் அந்த நாளில் அங்கே போய்த்தான் நிற்கும். இறங்கித் தலைமன்னாருக்குக் கப்பல் ஏறலாம். அந்த ரயிலடியில் காப்பி குடித்ததை அப்பத்தா எத்தனை முறை சொல்லியிருப்பார்! மறுவருடம் நான் பிறந்தேன். நான் கைக்குழந்தையாக இருக்கும்போது, டிசம்பர் 22 இரவு, புயல் வந்தது. பாம்பனிலிருந்து போன ரயிலை ஆட்களோடு கடல் கொண்டுபோய்விட்டது. தனுஷ்கோடி என்ற ஊர் அன்றோடு முடிந்தது. தனக்குப் பிள்ளை கொடுத்த ஊர் போய்விட்டதே என்று அப்பத்தா கடைசிவரை ஒரு துக்கத்தை வைத்திருந்தார். வருடம் தவறாமல் அவர் ராமேசுவரம் போனதற்குப் பக்தி மட்டும் காரணம் இல்லை என்று எனக்குத் தோன்றும். இழவு கேட்கப் போவதைப் போலவும் போய்க்கொண்டிருந்தார்.

எனக்கு விவரம் தெரிந்த முதல் பயணம் 1972. ராமேசுவரம் தீவுக்குச் சாலைப் பாலம் வந்தது 1988-ல்தான். அதுவரை ரயிலை விட்டால் வழி கிடையாது. மண்டபம் ஸ்டேஷன் தாண்டியதும் பெட்டியில் பேச்சு அடங்கிவிடும். 1914-ல் திறந்த பாம்பன் ரயில் பாலம் அது. ரயில் ஊர்ந்து போகும். ஜன்னலில் எட்டிப் பார்த்தால் கீழே தண்டவாளத்தின் ஓரம்கூடத் தெரியாது, பச்சைத் தண்ணீர்தான். எல்லாரும் கடலில் காசு போடுவார்கள். அப்பத்தா முந்தானையில் முடிந்து வைத்திருந்த பத்துப் பைசாவை என் கையில் கொடுத்து, என் கையைத் தன் கையால் பிடித்துப் போடவைத்தார். பஸ் வந்த பிறகும் அவர் ரயிலைத்தான் கேட்பார். அந்தக் கால் மணி நேரம்தான் அவருக்கு யாத்திரை.

நீ முதல் முறை வந்தது 1999-ல், ஆறு வயதில். உனக்கு எவ்வளவு நினைவிருக்கிறதோ தெரியாது. அக்னி தீர்த்தக் கடலில் முழுக்குப் போட்டுவிட்டு, ஈரத்தோடு கோவிலுக்குள் போனோம். மகாலட்சுமி தீர்த்தத்தில் கிணற்றுச் சுவர்மேல் நின்றவர் வாளியை விட்டு இறைத்து உன் தலையில் ஊற்றியதும் நீ அலறிய அலறலில் வரிசையே திரும்பிப் பார்த்தது. அப்பத்தா உன்னைத் தூக்கவில்லை. "வாயில் விழுந்ததைச் சொல், உப்பா, இனிப்பா?" என்று கேட்டார். நீ அழுகையை நிறுத்திவிட்டு நாக்கைச் சப்பிப் பார்த்தாய். அதற்குப் பிறகு ஒவ்வொரு கிணற்றிலும் அண்ணாந்து வாயைத் திறந்துகொண்டு நின்றாய். கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் 22 தீர்த்தங்கள். ஒன்றைப்போல் ஒன்று ருசிக்காது. சங்கு தீர்த்தம் உனக்குப் பிடித்தது. சக்கர தீர்த்தம் பிடிக்கவில்லை. கடைசியில் கோடி தீர்த்தத்தை ஒரு பாட்டிலில் பிடித்து, "இது என்னுடையது" என்று மதுரை வரை மடியிலேயே வைத்திருந்தாய். மூன்றாம் பிரகாரத்து 1212 தூண்களையும் எண்ணப்போவதாகக் கிளம்பி நாற்பதிலோ ஐம்பதிலோ தாத்தாவின் தோளில் தூங்கிப்போனாய்.

மறுநாள் தனுஷ்கோடிக்குப் போனோம். அப்போது அங்கே சாலை கிடையாது. ஈர மணலில் வேன் உருண்டு உருண்டு போனது. ரயிலடியின் இடிந்த சுவருக்கு முன்னால் அப்பத்தா உன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒன்றும் சொல்லவில்லை.

இனிச் செம்பைப் பற்றி. காசி யாத்திரையைக் காசியில் தொடங்கிக் காசியில் முடிப்பவர்கள் உண்டு. நம் வீட்டு வழக்கம் அது இல்லை. முதலில் ராமேசுவரம், அங்கே சேது மணல் எடுத்துப் பூஜை செய்து, பிரயாகைக்குக் கொண்டுபோய்த் திரிவேணி சங்கமத்தில் கரைக்க வேண்டும். காசி விசுவநாதரைப் பார்த்துவிட்டு, கங்கை நீரோடு திரும்பி வந்து ராமநாதருக்கு அபிஷேகம் செய்ய வேண்டும். அதோடுதான் யாத்திரை நிறைவு. தாத்தா இருந்தவரை கையில் காசு இல்லை. காசு வந்தபோது தாத்தா இல்லை. 2018-ல், 75 வயதில், அப்பத்தா என்னை அழைத்துக்கொண்டு புறப்பட்டார். என்னை அழைத்துக்கொண்டு என்றுதான் சொல்ல வேண்டும். ரயிலில் சோர்ந்தது நான்தான். திரிவேணியில் படகில் உட்கார்ந்து அந்த மணலைக் கரைத்தபோது, விரலில் ஒட்டியிருந்ததைக்கூட ஒவ்வொரு பொடியாகத் தண்ணீரில் விட்டார். "இது நம் ஊர்க் கடல் மணல், பத்திரமாகப் போகட்டும்" என்றார். காசியில் ஈயம் பற்றவைத்து மூடிய சின்னச் செம்பு ஒன்றை வாங்கினார். திரும்பும் வழியெல்லாம் அது தரையில் படவில்லை. மடியில் இருந்தது, அவர் தூங்கும்போது என் மடிக்கு வந்தது.

பிறகு நடந்தது உனக்குத் தெரியும். முழங்கால் அறுவை சிகிச்சை, அது ஆறுவதற்குள் கொரோனா, கோவில் அடைப்பு. 2021-ல் அப்பத்தா போய்விட்டார். நீ விமானம் ஏற முடியாத நாட்கள் அவை. போன் திரையில்தான் அப்பத்தா முகத்தைப் பார்த்தாய். அதைப் பற்றி நீ ஒருமுறைகூட என்னிடம் பேசியதில்லை. நானும் கேட்டதில்லை. கடைசி வாரத்தில் அப்பத்தா செம்பைக் காட்டி, "பாப்பா வரட்டும், சேர்ந்து போங்கள்" என்றார். இதை உன்னிடம் சொன்னால் உன் மனம் உடைந்துவிடும் என்று இத்தனை வருடம் மறைத்துவைத்தேன். மறைத்ததுதான் ஞாயிற்றுக்கிழமை கோபமாக வெளியே வந்தது.

அப்பத்தாவின் தலைத்திவசம் முடிவதற்கும் ரயில் பாலத்தை மூடுவதற்கும் சரியாக இருந்தது. 2022 டிசம்பரிலிருந்து ரயில்கள் தீவுக்குள் போகவில்லை. அதனால் நானும் காத்திருந்தேன். 2025 ஏப்ரல் 6-ல் புதுப் பாலம் திறந்தார்கள். கப்பல் வந்தால் நடுப்பகுதி அப்படியே மேலே எழும்புகிறது. மதுரையிலிருந்து இப்போது ரயிலில் போகலாம். செம்பும் ரயிலில்தான் போக வேண்டும்.

நீ தை மாதம் வருவதாகச் சொன்னாய். தை அமாவாசையன்று வேண்டாம். பேரனை வைத்துக்கொண்டு அந்தக் கூட்டத்தில் நிற்க முடியாது. நடுவில் ஒரு சாதாரண நாள் போதும். விடிகாலை ஸ்படிக லிங்க தரிசனம், பிறகு கடல், பிறகு 22 தீர்த்தம். பட்டு எதுவும் எடுத்து வராதே. உனக்கும் பேரனுக்கும் மாற்றுவதற்குப் பருத்தித் துணி இரண்டு செட் போதும். ஈரத்தோடு சந்நிதிக்குள் விடமாட்டார்கள். வழியில் யாராவது வந்து சீக்கிரம் அழைத்துப் போவதாகச் சொன்னால் கேட்காதே. ஒருமுறை நான் ஏமாந்திருக்கிறேன். கங்கை அபிஷேகத்துக்குக் கோவிலிலேயே சீட்டு வாங்கிக்கொள்ளலாம். குருக்கள்தான் ஊற்றுவார். நாம் கையில் கொடுத்தால் போதும். அதை நீ கொடுக்க வேண்டும்.

செம்பு கறுத்துவிட்டது. புளி போட்டுத் துலக்கட்டுமா என்று உன் அம்மா கேட்டாள், வேண்டாம் என்றேன். கழுத்தில் ஒரு குங்குமப் பொட்டு காய்ந்து ஒட்டியிருக்கிறது, அது அப்பத்தா வைத்தது. நேற்று இரவு அதை எடுத்துக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தேன். தண்ணீர் அப்படியே இருக்கிறது.

அன்புடன்,
அப்பா