மழை என்று பஸ்ஸைத் திருப்பிவிடாதீர்கள்

செஞ்சிக் கோட்டைக்குப் பிள்ளைகளைச் சுற்றுலா அழைத்துவரும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். போன கார்த்திகையில் ஒரு விடுமுறை நாள். திண்டிவனத்தில் விடியும்போதே தூறல். மகளுக்கு வாக்குக் கொடுத்தாயிற்று, தப்ப வழியில்லை. குடையும் இட்லிப் பொட்டலமுமாக பஸ் ஏறினோம். கோட்டைக்குள் நுழைவதற்குள் மழை வலுத்துவிட்டது. கல்யாண மகால் வளைவுகளின் கீழே நாற்பது ஐம்பது பிள்ளைகள் ஒண்டிக்கொண்டு நின்றார்கள். எந்த ஊர்ப் பள்ளி என்பது இப்போது வேண்டாம்.

"மலை ஏற முடியாது. அப்புறம் இங்க என்ன இருக்கு? எல்லாரும் பஸ்ஸுக்குப் போங்க" என்றார் அவர்களுடைய சார். அவ்வளவுதான். பிள்ளைகள் பஸ்ஸுக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் புளிசாதம் சாப்பிட்டார்கள். வந்த வழியே பஸ் திரும்பிவிட்டது. அவரிடம் நேரே போய்ச் சொல்ல எனக்குக் கூச்சம். அதனால்தான் உங்கள் எல்லாருக்குமாக இந்த மடல்.

மலை ஏற்றாதது சரி. அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஏற வேண்டிய ராஜகிரி மலை சுமார் 800 அடி. நனைந்த கருங்கல் படியில் பெரியவர்களுக்கே கால் நிற்காது. இடி மின்னல் வேறு. ஆனால் 'இங்க என்ன இருக்கு' என்றாரே, அதுதான் மனசுக்கு ஆறவில்லை.

பஸ் போன பிறகு நானும் மகளும் அங்கேயே நின்றோம். எதிரே ராஜகிரிப் பாறை முழுக்க வெள்ளைக் கோடுகள். ஒவ்வொரு கோடும் ஓடுகிற தண்ணீர். "அப்பா, மலைக்கு வேர்க்குது" என்றாள். பக்கத்தில் யானைக்குளத்தில் சொட்டு விழுந்த இடமெல்லாம் வட்டம் வட்டமாக விரிந்தது. படிக்கட்டில் ஒரு தவளை, எங்களைச் சட்டை செய்யாமல் உட்கார்ந்திருந்தது. வெயில் நாளில் நான் நாலைந்து முறை வந்திருக்கிறேன். இந்தக் கோட்டை தண்ணீரை நம்பிக் கட்டப்பட்டது என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

1690இல் மொகலாயத் தளபதி சுல்பிகார் கான் வந்து முற்றுகையிட்டார். உள்ளே இருந்தவர் சிவாஜியின் மகன் ராஜாராம். கோட்டை விழுந்தது 1698இல்தான். அதற்குள் ராஜாராம் தப்பிப் போய்விட்டார். நடுவில் ஒரு கட்டத்தில், முற்றுகையிட்டவர்களே தானியத்துக்குத் திண்டாடி வந்தவாசிக்குப் பின்வாங்கினார்கள். இத்தனை வருடம் உள்ளே இருந்தவர்கள் எதைக் குடித்தார்கள் என்று பிள்ளைகளைக் கேளுங்கள். மழை நாளில் பதில் அவர்கள் கண்ணெதிரே பாறையில் வழிந்துகொண்டிருக்கும். மலைமேல் ஊற்றுகள், மழைநீரைப் பிடித்துவைக்கும் தேக்கங்கள், கீழே சக்கரக்குளம், செட்டிக்குளம். கல்யாண மகாலின் மேல் தளங்களுக்கே சுட்ட மண் குழாய் வழியாகத் தண்ணீர் போயிருக்கிறது. மோட்டார் இல்லாமல் எப்படி ஏறும்? அறிவியல் டீச்சர் கூட வந்திருந்தால் அந்தப் பாடம் அங்கேயே முடிந்துவிடும்.

மழை வலுத்தால் கோட்டைக் களஞ்சியத்துக்குள் போய்விடுங்கள். தடித்த சுவர், வளைந்த கூரை, உள்ளே இருட்டு. என் மகள் "ஊ" என்று கத்திவிட்டு, திரும்பி வந்த சத்தத்துக்குப் பயந்து என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். நெல்லைக் குவித்துவைத்த இடத்தில் நிற்கிறோம் என்று சொன்னதும், "எவ்ளோ பேர் சாப்பிடலாம்?" என்று ஆரம்பித்தவள் ஊர் வந்து சேரும்வரை விடவில்லை.

தூறலாகக் குறைந்தால் வெங்கடரமணர் கோயில். அங்கிருந்த உயரமான தூண்களை பிரெஞ்சுக்காரர்கள் பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோனார்கள். கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்பவை அவைதான். உங்கள் டூர் பிளானில் பாண்டிச்சேரியும் இருந்தால், காலையில் தூண் முன்பு இருந்த இடம், மாலையில் தூண் இப்போது இருக்கிற இடம். தேசிங்கு ராஜா கதையை நான் சொல்லித் தர வேண்டியதில்லை. 1714இல் செத்தபோது அவருக்கு இருபத்துச் சொச்சம் வயதுதான் என்பதை மட்டும் சொல்லுங்கள். பத்தாம் வகுப்புப் பையன்கள் சட்டென்று அமைதியாகிவிடுவார்கள்.

2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த மராட்டியக் கோட்டைகள் 12. மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது இது ஒன்றுதான். இனி பள்ளி பஸ்கள் கூடுதலாகத்தான் வரும். பள்ளிகள் சுற்றுலா கிளம்புகிற அதே மாதங்களில்தான் வடகிழக்குப் பருவமழையும் வரும்.

ஒரு மாற்றுத் துணி, துண்டு, பிடிமானமுள்ள செருப்பு கொண்டுவரச் சொல்லுங்கள். குளத்துப் படியில் யாரையும் இறங்க விடாதீர்கள். சாப்பாட்டை கேரி பேக்கில் தொங்கவிடாமல் பைக்குள் வைக்கச் சொல்லுங்கள். என் இட்லிப் பொட்டலம் போன வழி அதுதான். கொண்டுபோன குரங்கு களஞ்சியத்து வாசலில் உட்கார்ந்து, சட்னியை மட்டும் மழையில் வைத்துவிட்டுப் போனது.

இப்படிக்கு,
திண்டிவனத்திலிருந்து ஒரு மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் அப்பா