காலடி படாத இடமா அது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வட கனடாவில் கைவிடப்பட்ட சுரங்க ஊரான போர்ட் ரேடியம் பற்றிச் சென்ற இதழில் வந்த ‘பேய் நகரம்’ கட்டுரையைப் பற்றித்தான் எழுதுகிறேன். இரண்டாவது பந்தியில் ஒரு வசனம்: “மனிதக் காலடியே படாத பனிவெளியில் முளைத்து, ஐம்பது வருடம் வாழ்ந்து, ஆளில்லாமல் செத்துப்போன ஊர்.” வசனம் வடிவாகத்தான் இருக்கிறது. நடுவில் உள்ள ஐம்பது வருடம் ஏறத்தாழச் சரி. தலையும் வாலும்தான் பிழை.

முதலில் அந்தப் படம். பக்கம் முழுக்க, கண்ணாடி உடைந்த ஐந்து மாடிக் கட்டடங்கள், முன்னால் பனி. கீழே ‘போர்ட் ரேடியம், கனடா’ என்று போட்டிருக்கிறீர்கள். ஐயா, இடது பக்கச் சுவரில் ரஷ்ய எழுத்து இருக்கிறதே! அது ரஷ்யாவின் கோலிமா நெடுஞ்சாலை ஓரத்தில் உள்ள கடிக்சான், 1996இல் நடந்த சுரங்க வெடிப்புக்குப் பிறகு சனம் விட்டுப்போன நிலக்கரி ஊர். என் பேரன் கைத்தொலைபேசியில் இரண்டு நிமிடத்தில் கண்டுபிடித்துத் தந்தான். போர்ட் ரேடியத்தில் இப்போது படம் எடுக்க ஒரு கட்டடமும் கிடையாது, 2007இல் அரசாங்கம் மிச்சத்தையும் சீர்செய்து சுரங்க வாய்களை மூடிவிட்டது. நான் கடிதத்தில் ‘டொலர்’ என்று எழுதினால் அதை ‘டாலர்’ என்று திருத்திப் போடும் அளவுக்குக் கவனமான ஆட்கள் உங்கள் அலுவலகத்தில் இருக்கிறார்கள், அது எனக்குத் தெரியும். அவர்கள் அன்றைக்கு லீவு போலும்.

சரி, படத்தை விடுவோம். காலடி படாத இடம் என்றீர்களே, யாருடைய காலடி? போர்ட் ரேடியம் இருந்தது கிரேட் பியர் ஏரிக் கரையில். அந்த ஏரி ஏறத்தாழ 31,000 சதுர கிலோமீற்றர், இலங்கையில் பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஏரியைச் சுற்றி மீன்பிடித்து, கரிபூ மான் வேட்டையாடி வாழ்ந்து வருகிறவர்கள் சாஹ்தூ தெனே மக்கள். (இரண்டு வருடத்துக்கு முன் இதே மக்களை உங்கள் பத்திரிகை ‘எஸ்கிமோ’ என்று எழுதியது. தெனே வேறு, இனுயிட் வேறு, அந்த எஸ்கிமோ என்ற சொல்லை இனுயிட்டே இப்போது விரும்புவதில்லை. அப்போதும் எழுதினேன்.) 1930இல் கில்பர்ட் லபீன் கிழக்குக் கரையில், ரேடியமும் யுரேனியமும் உள்ள பிட்ச்பிளெண்ட் தாதுவைக் கண்டுபிடித்தார் என்று எழுதியிருக்கிறீர்கள், சரி. ஆனால் அந்தப் பாறைக்கு முன்னால் போகக் கூடாது, அங்கே சத்தம் கேட்கும், அது கெட்ட இடம் என்று தெனே பெரியவர்கள் தங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். ஆளே போகாத இடத்துக்குப் ‘போகாதே’ என்று யார் யாருக்குச் சொல்வது?

நான் இதையெல்லாம் வாசித்து மட்டும் சொல்லவில்லை. வட கனடாவின் யெலோநைஃப் நகரில் ஓர் ஆஸ்பத்திரிச் சமையற்கூடத்தில் ஆறு வருடம் வேலை செய்தவன் நான். வடக்கில் எந்தச் சிற்றூரில் யாருக்குப் பெரிய வருத்தம் வந்தாலும் விமானத்தில் ஏற்றி அங்கேதான் கொண்டுவருவார்கள். ஒரு மாரிக்காலம், அந்த ஏரிக் கரையில் உள்ள தெனே ஊரான டெலினேயிலிருந்து வந்த ஒரு முதியவர் மூன்று கிழமை இருந்தார். நாங்கள் அனுப்பும் சாப்பாட்டுத் தட்டை அப்படியே ஒரு பக்கம் தள்ளி வைத்துவிட்டு, மகள் மெழுகுத்தாளில் சுற்றிக் கொடுத்துவிட்ட புகை போட்ட மீனை எடுத்து, நகத்தால் கீற்றுக் கீற்றாகக் கிழித்துச் சாப்பிடுவார். உப்பில்லாத கருவாடு! எனக்கும் ஒரு கீற்று நீட்டினார். நாங்கள் இப்படித்தான், ஆனால் உப்புப் போடுவோம் என்றேன். உப்புப் போட்டால் மீனுக்கு என்ன ருசி என்று சிரித்தார்.

அவர்தான் சொன்னார், அவருடைய தகப்பன் மூட்டை சுமந்தவர் என்று. தாதுவைச் சணல் சாக்கில் கட்டி, ஏரி தாண்டி, பியர் ஆற்றின் வழியே இறக்கி, கொந்தளிப்பு உள்ள இடத்தில் படகிலிருந்து இறக்கிக் கரையால் கொண்டுபோய் மறுபடி ஏற்றி, மெக்கென்சி ஆற்றில் எதிர்த்துப் போய், கடைசியில் ரயில் ஏற்றுமிடம் வரைக்கும் இரண்டாயிரம் கிலோமீற்றருக்கு மேல். தகப்பன் வீட்டுக்கு வரும்போது மா மில்லில் இருந்து வருகிறவர்போல இருப்பாராம், பிள்ளைகள் ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொள்ளுவார்களாம். வெறும் சாக்குகளை வீட்டுப் பெண்கள் எடுத்துத் தைத்துப் பாவித்தார்களாம். சம்பளம் நாளுக்கு மூன்று டொலர் என்று டெலினேக்காரர்கள் சொல்கிறார்கள் (தயவுசெய்து அந்த ‘டொ’வை விட்டுவிடுங்கள்). அது என்ன தூசி என்று அவர்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை. அந்த மனிதர் இதைக் கோபமாகக்கூடச் சொல்லவில்லை, மீனைத் திரும்பச் சுற்றி வைத்துக்கொண்டே சொன்னார்.

உங்கள் கட்டுரையில் இதற்கு எத்தனை வரி? நான் எண்ணிப் பார்த்தேன், பூச்சியம். பெல்ஜியத்தின் ரேடிய ஏகபோகம் உடைந்த கதைக்கு அரைப் பக்கம், லபீனின் சாகசத்துக்கு ஒன்றரைப் பக்கம். முதலில் எல்லாருக்கும் வேண்டியிருந்தது ரேடியம்தான், யுரேனியம் கழிவு. 1940இல் மூடிய சுரங்கத்தை 1942இல் அந்தக் கழிவுக்காகவே திறந்தார்கள், 1944இல் அரசாங்கமே கையகப்படுத்தியது. அணுகுண்டுத் திட்டத்துக்குப் போன யுரேனியத்தில் பெரும் பங்கு கொங்கோவினுடையது, கனடாவினுடையதும் அதில் கலந்திருந்தது. இது தெரியவந்த பிறகு 1998 ஆகஸ்டில் டெலினேயிலிருந்து ஒரு குழு ஹிரோஷிமாவுக்குப் போய் வருத்தம் தெரிவித்தது. தோண்டச் சொன்னவனும் குண்டு போட்டவனும் போகவில்லை, மூட்டை சுமந்தவனின் பிள்ளைகள் போனார்கள். ஆளில்லாமல் செத்த ஊர்க்காரர்கள் ஜப்பானுக்கு எப்படிப் போனார்கள் என்று கட்டுரையாளர் தம்பியிடம் கேட்டுச் சொன்னால் நல்லது.

நீங்கள் மறுக்கக்கூடிய ஒன்றையும் நானே சொல்லிவிடுகிறேன். கனடா அரசும் டெலினேயும் சேர்ந்து செய்த ஆய்வின் அறிக்கை 2005இல் வந்தது. மூட்டை சுமந்தவர்களுக்கு வந்த புற்றுநோய் இந்தத் தாதுவால்தான் என்று நிறுவ அறிவியல் சான்று போதாது என்றது. டெலினேயை ‘விதவைகளின் ஊர்’ என்று சொல்வதுண்டு, அந்தப் பெண்களுக்கு அதை வாசித்துக் காட்டியபோது எப்படி இருந்திருக்கும் என்று நான் யோசித்துப் பார்த்ததுண்டு. நான் அதை மறைக்கவில்லை, நீங்கள்தான் இரண்டு பக்கத்தையும் மறைத்தீர்கள்.

வால் பகுதிக்கு வருகிறேன், ‘செத்துப்போன ஊர்’. 1960இல் யுரேனியம் முடிந்தது, பிறகு வெள்ளி எடுத்தார்கள், 1982இல் அதுவும் முடிந்தது, சுரங்கக்காரர்கள் போனார்கள். போனது அவர்கள் மட்டும்தான் ஐயா. ஏரிக்கு மேற்கே டெலினேயில் ஐந்நூறு பேருக்கு மேல் இன்றும் இருக்கிறார்கள், 2016 முதல் தங்களுக்கென்று சொந்த அரசாங்கமே நடத்துகிறார்கள், அந்த ஏரித் தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள். பிறகு, அந்தச் சாக்குகள் எங்கே போய் இறங்கின என்று நினைக்கிறீர்கள்? நான் இருக்கும் ஸ்காபரோவில் இருந்து 401 நெடுஞ்சாலையில் கிழக்கே ஒரு மணித்தியாலம் ஓடினால் போர்ட் ஹோப் வரும். சுத்திகரிப்பு ஆலை அங்கேதான் இருந்தது. கழிவு மண்ணை ஊருக்குள் நிரப்புமண்ணாகப் போட்டுவிட்டார்கள், 1975இல் ஒரு பள்ளிக்கூடத்தையே ரேடான் வாயுவுக்காகக் காலி செய்ய வேண்டி வந்தது. அங்கே வீட்டு முற்றங்களைத் தோண்டி மண் அள்ளும் லொறிகளை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். யெலோநைஃபில் ஜயண்ட் என்ற பழைய தங்கச் சுரங்கத்துக்கு அடியில் 2,37,000 தொன் ஆர்சனிக் தூள் கிடக்கிறது, அந்தப் பக்கத்துச் சின்னக் குளங்களில் இந்தத் தண்ணீரைக் குடிக்காதே என்று எழுதி வைத்திருப்பார்கள், ஆறு வருடம் அதைப் பார்த்துக்கொண்டு வேலைக்குப் போனவனுக்கு ‘செத்துப்போன சுரங்கம்’ என்ற சொல் கொஞ்சம் சிரிப்பாகத்தான் இருக்கும்.

இன்னொன்று. ‘ஆளில்லாத காணி’ என்ற சொல்லை ஒரு தமிழ்ப் பத்திரிகை இவ்வளவு இலேசாக எழுதலாமா? எங்கள் ஊர்க் காணிக் கதையை இதற்குள் இழுக்கப் போவதில்லை, உங்களுக்கே தெரியும்.

முந்தி ஒருதரம் உங்கள் பயணக் கட்டுரையில் இருந்த பிழைகளைப் பற்றி நான்கு பக்கம் எழுதி அனுப்பினேன். அடுத்த இதழில் என் பெயரில் மூன்று சொல் வந்தது: ‘பயணக் கட்டுரை அருமை.’ என் நண்பர்கள் தொலைபேசியில் வாழ்த்தினார்கள். இந்த முறை சுருக்குவதென்றால் தயவுசெய்து போடாமலே விடுங்கள்.

கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. அடுத்த இதழில் ஒரு மூலையில், படம் போர்ட் ரேடியம் அல்ல என்று ஒரு வரி. ‘டெல்லைன்’ என்று அச்சிட்ட ஊரின் பெயர் ‘டெலினே’ என்று இன்னொரு வரி. இடம் இருந்தால் அங்கே ஆட்கள் இருக்கிறார்கள் என்றும் போடலாம்.

அப்புறம், தை இதழ் எனக்கு இன்னும் வந்து சேரவில்லை. சந்தா இலக்கம் உங்களிடம் இருக்கும்.

இப்படிக்கு,
ஸ்காபரோவிலிருந்து ஒரு பழைய சந்தாதாரர்