23:59:60

கோவை, 2.7.2012

கௌசி,

குட்டிக்குப் பல் முளைத்த கதையை சுதா சொல்லிவிட்டாள், போட்டோதான் இன்னும் வரவில்லை. அதெல்லாம் இருக்கட்டும், இதைப் படித்ததும் முதல் வேலையாக உன் சர்வர்களில் நுழைந்து எந்த நிரல் எவ்வளவு சிபியு தின்கிறது என்று காட்டும் டாப் கட்டளையைப் போட்டுப் பாரடி.

நேற்று விடியற்காலை ஐந்தரைக்கு வரிசையாக அலாரம். ஞாயிற்றுக்கிழமை அந்த நேரத்தில் எங்கள் தளத்துக்கு யார் வரப்போகிறார்கள்? ஆனால் ஜாவா ஓடும் அத்தனை சர்வரிலும் சிபியு நூறில் நிற்கிறது, டேட்டாபேஸான மைஎஸ்க்யூஎல் ஒரு வேலையும் இல்லாமலே கொதிக்கிறது. ஜாவாவை நிறுத்தி மறுபடி ஏற்றினால், எழுந்த வேகத்தில் திரும்பவும் நூறு. லினக்ஸின் மையமான கெர்னல் எழுதிவைக்கும் லாகைத் திறந்தால் 23:59:60 யூடிசி (உலகப் பொது நேரம்), லீப் செகண்ட் சேர்க்கிறேன் என்று ஒரு வரி. விநாடி ஐம்பத்தொன்பதோடு முடியாமல் அறுபதாம்! கணக்கு வாத்தியார் பார்த்திருந்தால் பேப்பரைக் கிழித்திருப்பார்.

பூமி சுற்றுவது அணுக் கடிகாரத்துக்கு ஈடு கொடுக்காததால் 1972-லிருந்து அவ்வப்போது ஒரு விநாடி சேர்க்கிறார்கள், இது 25-வது. யூடிசி நள்ளிரவு நமக்கு விடியற்காலை ஐந்தரை. நேரம் சரிபார்க்கும் என்டிபி, இன்றைக்கு ஒரு விநாடி கூடுதல் என்று கெர்னலிடம் முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கிறது. கெர்னலும் கடிகாரத்தை ஒரு விநாடி பின்னால் தள்ளிவிட்டு, அதைத் தன் டைமர்களுக்குச் சொல்ல மறந்துவிட்டது. டைமர்கள் ஒரு விநாடி முன்னால் ஓடுகின்றன. அரை விநாடி காத்திரு என்று ஒரு நிரல் கேட்டால் உடனே "முடிந்தது, எழுந்திரு" என்கிறது, அது எழுந்து பார்த்துவிட்டு மறுபடி காத்திருக்கப் போகிறது, மறுபடி எழுப்புகிறது, இப்படியே விடாமல். ஜெர்மனியில் சர்வர் வாடகைக்கு விடும் ஹெட்ஸ்னர் கம்பெனியின் டேட்டா சென்டர்களில் இதனால் சுமார் ஒரு மெகாவாட் மின்சாரம் கூடுதலாக இழுத்ததாம்! ரெட்டிட் தளம் படுத்துவிட்டது, ஆஸ்திரேலியாவில் குவாண்டாஸ் விமானப் பயணிகளைக் கையால் எழுதி ஏற்றினார்கள்.

மருந்து என்ன தெரியுமா? என்டிபியை நிறுத்து, டேட் கட்டளையில் இப்போதைய நேரத்தையே திரும்பக் கொடு, என்டிபியை ஓடவிடு. ரீபூட்கூட வேண்டாம். நேரத்தை வைக்கும்போது டைமர்களுக்கும் தகவல் போய்விடுகிறது. அடித்த கையோடு நூறு நாலாக இறங்கியதைப் பார்த்து, ஆள் இல்லாத ஆபீசில் நான் சிரித்த சிரிப்பை நீ கேட்டிருக்க வேண்டும்.

இப்போது எரிச்சல் வேறு இடத்தில். என்டிபியால்தானே இத்தனையும், எல்லா சர்வரிலும் நிரந்தரமாக எடுத்துவிடு என்கிறார் மேனேஜர். சேதி கொண்டுவந்தவனைத் தூக்கில் போடும் புத்தி. நாலு சர்வர் ஆளுக்கொரு நேரம் காட்டினால் எது முன்னால் நடந்தது, எது பின்னால் என்று எந்த லாகை வைத்துச் சொல்வது? பணம் போன நேரத்துக்கும் வந்த நேரத்துக்கும் கணக்கு இடித்தால் யார் பதில் சொல்வது? கெர்னல் திருத்தம் வந்ததும் போடுவோம், அதுவரை என்டிபி ஓடட்டும் என்று மெயில் போட்டிருக்கிறேன். கூகிள்காரர்கள் அந்த ஒரு விநாடியைப் பல மணி நேரத்துக்குத் துளித்துளியாகப் பரப்பிச் சேர்க்கிறார்கள். போன வருஷமே எழுதியும் விட்டார்கள், நாம்தான் படித்துவிட்டு மூடிவைத்தோம்.

நீ என்ன செய்தாய் என்று எழுது, மேனேஜரிடம் காட்ட இன்னொரு ஆள் சொன்னதாக இருக்கும். அப்புறம், நீ கேட்ட பச்சைச் சுங்குடி இல்லையாம். அரக்கில் எடுக்கட்டுமா?

உமா