சாலையோர மரங்களுக்குச் சுண்ணாம்பு: கவனிக்க வேண்டியவை

உறுப்பினர்களுக்கு வணக்கம். கிழக்குக் கடற்கரைச் சாலையோர வேம்பு, புளி, பூவரசுக்கு வெள்ளை அடிப்பது அழகுக்காக மட்டுமல்ல. இரவில் வண்டி விளக்கு பட்டதும் மரம் தெரியும். வெள்ளை வெயிலைத் திருப்பி அனுப்புவதால் பட்டை சூடேறி வெடிப்பது குறையும். கறையானின் மண்தடம் உடனே கண்ணில் படும். ஆனால் கறையானைச் சுண்ணாம்பே கொன்றுவிடும் என்று நம்ப வேண்டாம். காற்றுப் பட்டுச் சில வாரங்களில் அதன் காரம் போய்விடும்.

எனாமல் பெயின்ட் வேண்டவே வேண்டாம். பட்டையிலுள்ள மூச்சுத் துளைகளை அது அடைத்துவிடும்.

நீற்றாத (இன்னும் தண்ணீர் சேர்க்காத) கிளிஞ்சல் சுண்ணாம்பு 1 கிலோவுக்குத் தண்ணீர் 5 லிட்டர். இரும்பு டிரம்மில் முதலில் தண்ணீர், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சுண்ணாம்பு. மாற்றிச் செய்தால் கொதித்துத் தெறிக்கும், கண் போய்விடும். பிளாஸ்டிக் வாளி உருகும். கண்ணாடி, கையுறை கட்டாயம். ஒரு நாள் ஊறியதும் துணியில் வடிகட்டி, சோற்றுக் கஞ்சி கால் லிட்டர் சேருங்கள். கஞ்சி இல்லாவிட்டால் தொட்டால் கையோடு வரும். ஒட்டுவதற்கு உப்புப் போடுவது வழக்கம்தான், ஆனால் நம் மண்ணில் ஏற்கெனவே உப்பு அதிகம், தவிர்த்துவிடுங்கள்.

விளம்பரப் பலகை ஆணிகளை முதலில் பிடுங்குங்கள். தென்னை நார் பிரஷ்ஷால் உப்புப் படிவைத் தேய்த்து, பட்டையை நனைத்து, தரையிலிருந்து 4 அடி வரை நீர்க்கப் பூசுங்கள். காய்ந்தபின் இரண்டாம் பூச்சு. ஒரே பூச்சில் கெட்டியாக அப்பினால் செதிலாக உதிரும்.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, ஜனவரிக்குப் பிறகே வேலை. மழைக்கு முன் பூசினால் அத்தனையும் கரைந்து ஓடும்.