மீன் தலையும் அஷர் வீடும்

ட்ரொம்சோ, நோர்வே
மார்கழி 14

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் பதிவுத் தபால் கிடைத்துப் பதினெட்டு நாளாகிறது. வளவு உறுதிப் பிரதியை மூன்று தரம் வாசித்தேன், உங்கள் கடிதத்தை அதைவிடக் கூட. வேலை கூட, அதுதான் எழுதவில்லை என்று சொல்லலாம் என்று பார்த்தால், ஓவர்டைம் நின்றதைப் பெரியண்ணாவிடம் நானே போனில் உளறிவிட்டேன். பெரிய விசயமில்லை. மீன் குறைந்தால் இங்கே அப்படித்தான், தை கடைசியில் கொட் மீன் வரத் தொடங்கிவிடும். ஹீட்டரைக்கூட நான் அவ்வளவாகப் போடுவதில்லை, இரண்டு சுவெட்டர் போட்டால் அதைவிடச் சூடு.

இப்போது சூரியனே இல்லை. கார்த்திகைக் கடைசியில் போனது, தை நடுவில்தான் திரும்பி வரும். பகல் பன்னிரண்டு மணிக்கு, ஊரில் உப்புவெளியில் விடியப்புறம் கரைவலை இழுக்க ஆக்கள் வருகிற நேரத்து வெளிச்சம் கொஞ்சம் வரும், பிறகு அதுவும் இல்லை. அம்மாவுக்குச் சொல்ல வேண்டாம், நான் மீன் எண்ணெய் குடிப்பதையே ஏதோ வருத்தத்துக்கு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

தொழிற்சாலையில் மீன் தலைகளைத் தனியாக எடுத்துக் காயவைத்து நைஜீரியாவுக்கு அனுப்புகிறார்கள். ஒன்றைக் கேட்டு வாங்கி வந்து, புளி இல்லாததால் எலுமிச்சை விட்டு, நீங்கள் அனுப்பிய தூளில் கடைசிக் கரண்டியைப் போட்டுக் குழம்பு வைத்தேன். பாரைத் தலை மாதிரி வருமா? கன்னத்துச் சதை மட்டும் நல்லாயிருந்தது. அந்த மணத்துக்கும் வராத கீழ்வீட்டுக் கிழவி, டிவி நாடகத்தில் ஒருத்தி கத்திய சத்தத்துக்கு மேலே ஓடி வந்தார், யாரையோ கொல்கிறேன் என்று நினைத்தாராம். பிறகு ஒவ்வொரு இரவும் கோப்பிப் போத்தலும் பின்னலுமாக வந்து உட்கார்ந்துவிட்டார். கதைப்பது கிடையாது. யாராவது சாகப்போகிற நேரம் மட்டும் ஊசி நிற்கும். பாதி தரம் அவருடைய கணக்குத்தான் சரி.

நாடகம் 2023 இல் வந்தது, 'த ஃபோல் ஒஃப் த ஹவுஸ் ஒஃப் அஷர்', எட்டுப் பாகம். கூட வேலை செய்கிற எரித்திரியப் பெடியன் தன்னுடைய நெட்ஃபிளிக்ஸைப் போட்டுத் தந்தான். எட்கர் அலன் போ 1839 இல் எழுதிய கதையை இந்தக் காலத்துக்கு இழுத்து வந்திருக்கிறார்கள். ரொட்ரிக் அஷர் வலி மாத்திரை விற்றே பெரும் பணக்காரனானவன், அதற்கு அடிமையாகி எத்தனையோ சனம் செத்தும் எந்தக் கோர்ட்டும் அவனைத் தொடவில்லை. ஐந்து தாய்மாருக்குப் பிறந்த ஆறு பிள்ளைகள், அடுத்தடுத்து ஆறும் செத்துப்போகிறது. தான் வளர்ந்த உக்கிப்போன வீட்டுக்குள் இருந்துகொண்டு, தன்னை மாட்டப் பார்த்த அரச வழக்கறிஞனிடமே அவன் எல்லாவற்றையும் சொல்கிறான். 1979 கடைசி இரவில் அவனும் கூடப்பிறந்தவளும் ஒரு பாரில், யாரென்றே தெரியாத ஒரு பெண்ணோடு பேசி முடித்த பேரம்தான் எல்லாத்துக்கும் காரணம்: காசு, பேர் எல்லாம் கிடைக்கும், சட்டம் தொடாது, ஆனால் போகிற நேரம் வம்சம் முழுக்க அவர்களுக்கு முன்னாலே போகும். ஆளுக்கு ஆள் மேடைப் பேச்சு மாதிரி நீட்டுகிறார்கள், அதுதான் அலுப்பு. ஆனால் ஒரு பாவமும் அறியாத பேத்தி லெனோரையும் விடவில்லை, அந்த இடத்தில் கிழவி பின்னலை மடியில் போட்டுவிட்டார்.

எனக்கு நம் ராவணன்தான் ஞாபகம் வந்தான். அக்ககுமாரன், அதிகாயன், இந்திரசித்து என்று எல்லாரும் அவனுக்கு முன்னாலே போனார்கள்தானே. ஆனாலும் தாய்க்குக் கடமை செய்யத் திருகோணமலைக் கன்னியாவில் ஏழு இடத்தில் குத்தி வெந்நீர் ஊற்று எடுத்தவன் அவன். அஷரின் தாய் செத்துவிட்டாள் என்று பிள்ளைகள் வளவிலேயே தாழ்க்க, அவள் இரவு மழைக்குள் எழும்பி வருகிறாள். அதில் நான் கொஞ்ச நேரம் நிறுத்திவைத்தேன். அப்பாவின் அந்தியேட்டிக்கு நீங்கள் கன்னியாவில் இருந்து போனில் காட்டினீர்களே, படம் ஆடிக்கொண்டே இருந்தது, வாளி கிணற்றுக் கட்டில் இடிபட்ட சத்தம் மட்டும் தெளிவாகக் கேட்டது. அக்கா, அன்றைக்கு நான் வேலையில் குளிர் அறைக்குள் நின்றுதான் பார்த்தேன். வீட்டில் இருக்கிறேன் என்று உங்களுக்குப் பொய் சொன்னேன்.

சரி, வளவு விசயம். பெரியண்ணா ஹோட்டல்காரனுக்கு விற்க நிற்கிறார், சின்னக்கா பிரிக்கச் சொல்கிறார். அம்மா இருக்கும்வரை இரண்டும் வேண்டாம். என் பங்கை உங்கள் பேருக்கு எழுதுங்கள், நொத்தாரிசிடம் கேட்டு, எனக்குப் பதிலாகக் கையெழுத்து வைக்கிற அற்றோணிக்கு என்னென்ன வேண்டும் என்று அறிவியுங்கள். ஒஸ்லோவில் இருந்த நம் தூதரகத்தை 2022 இல் மூடிவிட்டார்கள், கையெழுத்து வைக்க சுவீடனில் ஸ்டொக்ஹோம் தூதரகத்துக்குப் போகவேண்டிவரும், டிக்கெட் மலிவாக வரும் நாளைப் பார்க்கிறேன். குசினிப் பக்கம் ஒழுகுவதாக எழுதியிருந்தீர்கள், மாரி முடியுமட்டும் தகரம் போட்டு வையுங்கள், ஓட்டுக்குக் காசு மாசிக்குள் அனுப்புவேன். பெரியண்ணாவிடம் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம், நானே கதைக்கிறேன்.

தூள் அனுப்பினால் உறைப்புக் குறைத்தும் ஒரு சின்னப் பொட்டலம் வையுங்கள், கிழவி குழம்புச் சட்டியைத் திறந்து பார்க்கத் தொடங்கிவிட்டார்.

தம்பி