விளாதிமிர் உலகை ஆள்பவரா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழின் கேள்வி பதில் பகுதியில் ‘விளாதிமிர் என்ற பெயருக்கு என்ன பொருள்?’ என்று ஒருவர் கேட்டிருந்தார். ‘உலகை ஆள்பவன்’ என்று ஒரே வரியில் பதில் வந்திருந்தது. புதினைக் கிண்டல் செய்ய அது வசதியான பதில்தான். ஆனால் மொழியறிஞர்கள் பெரும்பாலும் சொல்வது வேறு.

முன்பாதியான ‘விளாத்’ ஆட்சியைக் குறிக்கிறது. அதில் தகராறு இல்லை. 1860-இல் ரஷ்யர்கள் பசிபிக் கரையில் நிறுவிய விளாதிவஸ்தோக்கின் பெயரிலும் அதுவே இருக்கிறது. சிக்கல் பின்பாதியில். இன்றைய ரஷ்ய மொழியில் ‘மிர்’ என்றால் உலகம், சமாதானம் என்று இரண்டு பொருளும் உண்டு. ஆனால் ரஷ்யன், உக்ரைனியன், போலிஷ் எல்லாம் சேர்ந்த ஸ்லாவிய மொழிக் குடும்பத்தில், பழைய காலத்தில் இந்தப் பெயர் ‘விளாதிமேர்’. அந்த ‘மேர்’ பெருமை, புகழ் என்ற பொருளுடையது; பழைய ஜெர்மானிய மொழிகளிலும் அதற்கு உறவுச்சொல் உண்டு. ஆகவே ‘ஆட்சியால் பெரியவன்’ என்பதுதான் பொருத்தம். ‘மேர்’ வழக்கொழிந்ததும், மக்கள் தங்களுக்குத் தெரிந்த ‘மிர்’ரை அங்கே வைத்துக்கொண்டார்கள். நம் தலபுராணங்கள் ஊர்ப்பெயருக்குக் காரணம் கண்டுபிடிப்பது போலத்தான். போலந்துக்காரர்கள் மட்டும் பழைய ஒலியைக் கைவிடவில்லை. அவர்களிடம் இதே பெயர் ‘வொஜிமியெஷ்’. அந்த ‘மியெஷ்’ஷுக்குள் பழைய ‘மேர்’ இன்னும் இருக்கிறது.

இன்னொன்று. போர்ச் செய்திகளில் உக்ரைன் அதிபர் ஜெலன்ஸ்கியையும் ‘விளாதிமிர்’ என்றே எழுதுகிறீர்கள். அவர் வொலொதிமிர். பெயரின் வேர் ஒன்றுதான், வடிவம் வேறு. பல்கேரியர் போன்ற தெற்கு ஸ்லாவியரிடமிருந்து வந்த தேவாலய மொழியில் ‘லா’ என்று வரும் இடத்தில், ரஷ்யர், உக்ரைனியர் போன்ற கிழக்கு ஸ்லாவியர் பேச்சில் ‘ஒலொ’ வரும். ரஷ்ய மொழியிலேயே இரண்டையும் பார்க்கலாம்: உடம்பில் இருக்கும் தலை ‘கொலொவா’, புத்தகத்தின் அத்தியாயம் ‘கிளாவா’. ஒரே சொல்தான், ஒன்று வீட்டுப் பேச்சு, மற்றது ஏட்டு நடை. பெயர் விஷயத்தில் ரஷ்யர்கள் ஏட்டு வடிவத்தை எடுத்துக்கொண்டார்கள், உக்ரைனியர் பேச்சு வடிவத்தை வைத்துக்கொண்டார்கள். வேடிக்கை என்னவென்றால், ரஷ்ய வீடுகளில் விளாதிமிரைச் செல்லமாகக் கூப்பிடுவது ‘வொலோத்யா’ என்று! வெளியே தள்ளிய ‘ஒலொ’ அடுப்படி வழியாக உள்ளே வந்துவிட்டது. லெனினும் சின்ன வயதில் வொலோத்யாதான். மாஸ்கோவிலிருந்து வந்த தமிழ்ப் புத்தகங்களின் அட்டையில் ‘வி.இ.லெனின்’ என்று பார்த்திருப்போமே, அந்த ‘வி’ இந்த விளாதிமிர். சோவியத் காலத்தில் அவர் பெயரையும் லெனினையும் ஒட்டி ‘விளாத்லென்’ என்றுகூடப் பிள்ளைகளுக்குப் பெயர் வைத்தார்கள்.

இது வெறும் எழுத்துக்கூட்டல் சண்டை இல்லை. 988-இல் கிறித்தவத்தைத் தழுவி, கீவ் மக்களுக்கும் ஞானஸ்நானம் செய்வித்த அரசர் விளாதிமிரை (உக்ரைனியருக்கு வொலொதிமிரை) இரண்டு நாடுகளும் தங்கள் மூதாதையாகச் சொல்கின்றன. தினேப்பர் ஆற்றைப் பார்த்தபடி கீவில் 1853 முதல் அவருக்குச் சிலை நிற்கிறது. 2016-இல் கிரெம்ளின் அருகே மாஸ்கோவும் ஒன்றை நிறுவியது. உக்ரைனின் 1 ஹிரிவ்னியா நோட்டில் இருந்தது அவர் முகம். அந்நாட்டுச் சின்னமான திரிசூலம் அவருடைய நாணயங்களிலிருந்து வந்தது. இத்தனைக்கும் ஞானஸ்நானத்தில் அவருக்குக் கிடைத்த பெயர் வசீலி. அது யாருக்கு நினைவிருக்கிறது?

பெயர் கடல் தாண்டியும் போனது. டென்மார்க்கின் முதலாம் வால்டெமார் (1131–1182), பிற்காலத்தில் கீவை ஆண்ட இன்னொரு விளாதிமிரான விளாதிமிர் மனமாகின் கொள்ளுப்பேரன். தாய்வழி முப்பாட்டன் பெயர்தான் டேனிஷ் வாயில் ‘வால்டெமார்’ ஆனது.

எனவே இனி ‘வொலொதிமிர் ஜெலன்ஸ்கி’ என்றே அச்சிடுங்கள். உக்ரைனிய உச்சரிப்புக்குத் தமிழில் இதற்கு மேல் நெருங்க முடியாது, சரி, இதுவே போதும். புதினுக்கு அந்தக் குறை வராது. அவர் அப்பா பெயரும் அதுவே என்பதால் அவர் ஏற்கெனவே விளாதிமிர் விளாதிமிரொவிச், அதாவது விளாதிமிரின் மகன் விளாதிமிர். இரண்டையும் அவருக்கே விட்டுவிடலாம்.

– ஒரு வாசகர், நாகர்கோவில்